உருக்குலைந்த ஃபெல்ட் தொப்பி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய தோல் பெட்டிகளைப் பராமரிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்த வாசகர்கள் சிலர், அப்படிப்பட்ட பெட்டிகளுக்குள்ளிருந்து கிடைத்த தொப்பிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதிலளிக்கிறோம்.

கேள்வி: என் தாத்தா தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். 1950-களின் இறுதியில் பம்பாயில் அவர் வாங்கிய சாம்பல் நிற ஃபெடோரா தொப்பி, இரும்புப் பெட்டிக்குள் கணக்குப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்து நசுங்கிவிட்டது. தலைப்பகுதி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. முன் விளிம்பு அலை அலையாக நெளிந்திருக்கிறது. உள்ளே தோல் பட்டையில் ‘போர்சலினோ, அலெஸ்ஸாண்ட்ரியா’ என்று தங்க எழுத்தில் இருக்கிறது. டிரை கிளீனிங் கொடுக்கலாமா, அல்லது வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? (வாசகி, குன்னூர்)

பதில்: டிரை கிளீனிங் கொடுக்கவே வேண்டாம். எந்திரத்தின் சுழற்சியில் தொப்பி இன்னும் நசுங்கும். அங்கே பயன்படுத்தும் கரைப்பான், தொப்பிக்கு விறைப்புத் தரும் பசையையும் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே எடுத்துவிடக்கூடும். பொறுமை இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். உங்களிடம் இருப்பது, 1857-இல் ஜுசெப்பே போர்சலினோ இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரியா நகரில் தொடங்கிய தொழிற்கூடத்தின் பெயரைத் தாங்கிய தொப்பி. முயல், குழிமுயல் ஆகியவற்றின் மெல்லிய உள்ரோமத்தால் ஃபெல்ட் செய்து பெயர்பெற்ற நிறுவனம் அது. ஆட்டுக் கம்பளியில் செய்த ஃபெல்ட்டைவிட இந்த ரோம ஃபெல்ட், ஆவிக்கும் கைக்கும் நன்றாக இணங்கும்.

முதலில் தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உட்புறத்திலிருந்து பாருங்கள். ஊசிமுனை அளவில் ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அது அந்துப்பூச்சியின் வேலை. முன்பக்கம் இரு விரல்களால் கிள்ளியது போன்ற குழிகள் இருக்கும் அல்லவா, அந்த மடிப்பு முனையில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நசுங்கிய தொப்பியை மீட்டுவிடலாம். விரிசல் விட்ட ஃபெல்ட் மீண்டும் ஒட்டாது. அந்த இடத்தில் ஆவி காட்டினால் விரிசல் நீளும்.

செய்முறைக்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தவர் அவசரப்பட மாட்டார். ஃபெல்ட் நெய்த துணி அன்று. அதில் பாவும் இல்லை, ஊடும் இல்லை. ஒவ்வொரு ரோமத்தின் மேலும் மிக நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் வெப்பமும் அழுத்தமும் சேரும்போது அந்த ரோமங்கள் ஒன்றோடொன்று பின்னி, பிரிக்க முடியாதபடி இறுகுகின்றன. தொப்பிக்கான ஃபெல்ட், இறுதி அளவைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய கூம்பாகத் தொடங்கி, சுருங்கிச் சுருங்கித்தான் தொப்பியின் அளவுக்கு வருகிறது. ரோமம் நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. ஈரத் தலையைப் பின்னிக் காயவிட்டால் அவிழ்த்த பிறகும் கூந்தல் அலையலையாக நிற்பதற்கு எது காரணமோ, அதுவே இங்கும் காரணம்: ஆவி பட்டதும் உள்ளிருக்கும் பிணைப்புகள் தளர்கின்றன, குளிர்ந்து காயும்போது, அந்த நேரத்தில் இருக்கும் உருவத்திலேயே அவை மீண்டும் இறுகுகின்றன. ஆவி தொப்பியை இளக்கித்தான் கொடுக்கும். உருவம் நிலைப்பது குளிரும்போதுதான். வீட்டில் முயல்பவர்கள் பலர் ஆவியை நிறையக் காட்டிவிட்டு, காய்வதற்கு முன்பே தொப்பியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

ஆவிக்கு முன் தூசியை முழுவதும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஈரம் பட்டு அழுக்கு ரோமத்துக்குள் இறங்கிவிடும். குதிரைமுடி பிரஷ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மென்மையான, இதுவரை பயன்படுத்தாத துணி பிரஷ் போதும். மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நீளமாகத் தடவுங்கள். ரோமம் பொதுவாக அந்தப் பக்கமாகத்தான் படிந்திருக்கும். எண்ணெய்க் கறை இருந்தால் சோள மாவைத் தூவி ஓரிரவு விட்டு, மறுநாள் பிரஷ் செய்யுங்கள். சாம்பல் நிறத்தில் மாவு எஞ்சினாலும் தெரியாது. கறுப்புத் தொப்பியாக இருந்தால் இந்த முறையைச் சொல்ல மாட்டேன். தொப்பி செய்பவர்கள் நாப்தாவில் முக்கிக் கறை எடுப்பதுண்டு. அது எளிதில் தீப்பற்றும் திரவம்; வீட்டில் அதை முயலாதீர்கள். ரிப்பனை நாலைந்து தையல்கள்தாம் பிடித்திருக்கும். அது சுருங்கியோ சாயம் விடுவது போலவோ இருந்தால் அந்தத் தையல்களை மட்டும் அறுத்துக் கழற்றிவையுங்கள்; ரிப்பன் மூடியிருந்த இடத்தில் தொப்பியின் அசல் நிறத்தையும் அப்போது பார்ப்பீர்கள்.

அடுத்து, உள்ளே இருக்கும் வியர்வைப் பட்டையை முழுவதும் வெளியே புரட்டிவிடுங்கள். இதை மறந்துவிட்டுத்தான் பலர் தொப்பியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வயதான தோல் 80 டிகிரிக்கும் குறைந்த வெப்பத்திலேயே சுருங்கிவிடக்கூடும். குன்னூர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியில் கொதிக்கிறது என்றாலும், அந்தத் தோலுக்கு அதுவே மிக அதிகம். பட்டை ஒரு முறை சுருங்கினால் ஃபெல்ட்டையும் இழுத்துச் சுருக்கும். தொப்பி யாருக்கும் பொருந்தாமல் போகும். தங்க எழுத்துகளை ஈரத் துணியால் துடைக்கவும் வேண்டாம்.

மூக்குள்ள கெட்டிலில் நீரைக் கொதிக்கவிட்டு, தொப்பியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, சரிந்திருக்கும் இடத்தில் பத்துப் பதினைந்து விநாடி மட்டும் ஆவி காட்டுங்கள். குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு வரும் ஆவி வேண்டாம். அது வேகமாக வருவதோடு நீர்த்துளிகளையும் தெறிக்கும், துளி பட்ட இடம் வட்டமாகக் கறைபடும். ஃபெல்ட் சற்றே வெதுவெதுப்பாகவும் தளர்வாகவும் ஆனதும் தொப்பியை ஆவியிலிருந்து விலக்கி, உள்ளிருந்து கைமுட்டியால் மெதுவாக வெளியே தள்ளுங்கள். பழைய குழிகள், மடிப்புகள் எல்லாவற்றையும் நீக்கி, தலைப்பகுதி முழுவதையும் முதலில் வழுவழுப்பான கூடு போல ஆக்கிக்கொள்ள வேண்டும். பாதி மடிப்பை வைத்துக்கொண்டு மீதியைச் சரிசெய்ய முயன்றால் உருவம் கோணிக்கொண்டே இருக்கும்.

தொப்பிக்காரர்கள் இந்த நிலையில் மரத்தால் ஆன அச்சுக்கட்டையில் தொப்பியை மாட்டுவார்கள். உங்களிடம் அது இருக்காது. தொப்பியின் உள்சுற்றளவைவிடச் சற்றுச் சிறிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, முன்னும் பின்னும் மடித்த துண்டை வைத்து அதை நீள்வட்டமாக்குங்கள். தலை வட்டமானது அன்று. வெறும் பாத்திரத்தில் மாட்டினால் காதுப் பக்கம் பிதுங்கி நெற்றிப் பக்கம் இறுக்கும். தொப்பியை இதில் மாட்டி, தலைப்பகுதியும் விளிம்பும் சேரும் இடத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிக் கட்டி, மின்விசிறிக்கு நேரே வைக்காமல் ஓரிரவு காயவிடுங்கள்.

மறுநாள் மேற்பகுதிக்கு மட்டும் மிக லேசாக ஆவி காட்டி, உள்ளங்கையின் ஓரத்தால் நடுவில் முன்பின்னாக அழுத்தினால் நடுக்குழி விழும். அது கண்ணீர்த்துளி வடிவில், முன்பக்கம் குறுகியும் பின்பக்கம் அகன்றும் இருப்பது ஃபெடோராவுக்கு அழகு. பிறகு முன்பக்கத்தின் இரு புறமும் விரல்களால் மெல்லக் குழித்துவிடுங்கள். தாத்தா தொப்பியணிந்த புகைப்படம் இருந்தால் அதைப் பார்த்துச் செய்யுங்கள். குழியின் ஆழமும் சாய்வும் ஆளுக்கு ஆள் மாறும், அவருடையது எப்படி இருந்ததோ அப்படியே வரவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

விளிம்பை மேசை ஓரத்தில் வைத்து, நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணியை மேலே போட்டு, கம்பளிக்கான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்து இழுத்தால் விளிம்பு நீண்டு அலை இன்னும் பெருகும். ஒரு கையகல இடம் முடிந்ததும் அதன் மேல் கனமான பலகையை வைத்து, ஆறிய பிறகே அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். முழுவதும் தட்டையானதும், பின் விளிம்பை மேல்நோக்கியும் முன் விளிம்பைக் கீழ்நோக்கியும் கையால் வளைத்து, சுருட்டிய துண்டுகளை அடியில் கொடுத்துக் காயவிடுங்கள். வேலை முழுவதையும் சன்னல்களைத் திறந்துவைத்து, கையுறை அணிந்து செய்யுங்கள். காரணத்தை டொரண்டோ வாசகருக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: என் தொப்பியின் விளிம்பு விறைப்பு போய்த் தொங்குகிறது. காட்டன் புடவைக்குப் போடுவது போலக் கஞ்சி போடலாம் என்கிறார் என் மாமியார். செய்யலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: புடவைக்குக் கஞ்சி பொருந்துகிறது, ஏனென்றால் அடுத்த சலவையில் அது போய்விடும். தொப்பியைச் சலவை செய்ய முடியாது. கஞ்சி ஃபெல்ட்டின் மேற்பரப்பில் படலமாகக் காய்ந்து, வளைக்கும்போது வெள்ளையாக உதிரும். ராமபாணப் பூச்சியையும் அழைத்துவரும். மாமியாரிடம் மரியாதையோடு மறுத்துவிடுங்கள்.

தொப்பித் தொழிலில் நெடுங்காலமாக விறைப்புக்குப் பயன்படுவது அரக்கு. ஜார்க்கண்டின் பலாச மரங்களிலும் குசும் மரங்களிலும் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினைச் சுத்திகரித்துத் தகடாக்கி, அங்கிருந்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். மரச்சாமான் பாலீஷ் பொருள்கள் விற்கும் கடையில் ஷெல்லாக் என்று கேட்டால் கிடைக்கும். அதிலும் மெழுகு நீக்கிய, வெளிறிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். நிறம் அடர்ந்த அரக்கு, வெளிர்நிறத் தொப்பியை மஞ்சளாக்கிவிடும். 100 மில்லி பாலீஷ் ஸ்பிரிட்டுக்கு 5 கிராம் என்று மிக நீர்த்த கரைசலாகத் தொடங்கி, அடுப்பு எரியாத, காற்றோட்டமான இடத்தில், விளிம்பின் அடிப்பக்கத்தில் மட்டும் மென்தூவலாகத் தெளியுங்கள். அதற்கு முன் வியர்வைப் பட்டைக்கு உள்ளே மறைந்திருக்கும் ஓர் இடத்தில் சோதித்துப் பாருங்கள். காய்ந்த பிறகு போதவில்லை என்றால் மறுமுறை தெளிக்கலாம். மிகுதியாகப் போட்டதைத் திரும்ப எடுப்பது கடினம்.

ஆனால் பல தொப்பிகளுக்கு இது தேவைப்படுவதே இல்லை. முதலில் மேலே சொன்னபடி இஸ்திரி போட்டு, முழுவதும் காயவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கம்பளி ஃபெல்ட் தொப்பி, நவம்பர் மழையில் நனைந்துவிட்டது. ஹேர் டிரையரால் காயவைத்தேன். இப்போது தலையில் இறங்கவில்லை. (வாசகர், சென்னை)

பதில்: மழையில் நனைந்ததைவிடச் சூடான காற்றில் வேகமாகக் காய்ந்ததுதான் அதைச் சுருக்கியிருக்கும். கம்பளி ஃபெல்ட்டில் சுருங்கும் தன்மை முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. தண்ணீரும் சூடும் சேர்ந்ததும் அது விட்ட இடத்திலிருந்து மீண்டும் சுருங்கத் தொடங்குகிறது.

வியர்வைப் பட்டையின் உட்புறத்தில் அளவு இருக்கிறதா பாருங்கள். 57 சென்டிமீட்டர் என்றோ 7⅛ என்றோ இருக்கலாம். இரண்டும் ஒன்றே, பின்னது அமெரிக்க அளவு. இப்போதைய உள்சுற்றளவை நாடாவால் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்திருந்தால் மீட்டுவிடலாம். திருகாணியால் விரியும் மரத்தாலான தொப்பி விரிப்பான் விற்பனைக்குக் கிடைக்கிறது. பட்டையை வெளியே புரட்டி, தலைப்பகுதியும் விளிம்பும் சேரும் இடத்தில் ஃபெல்ட்டுக்கு லேசாக ஆவி காட்டி, விரிப்பானைத் தடை தெரியும் வரை மட்டும் திருகி, ஓரிரவு விடுங்கள். மறுநாள் இன்னும் கால் சுற்று. ஒரேயடியாகத் திருகினால் பட்டையின் தையல் பிய்ந்துவிடும். பட்டை துணியால் ஆனதாக இருந்தால் அச்சம் குறைவு. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கிய கம்பளித் தொப்பிக்காக உழைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. விரித்தாலும் முதல் ஈரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அடுத்த முறை நனைந்தால் நீரை உதறிவிட்டு, துண்டால் ஒற்றி எடுங்கள். நடுக்குழியையும் முன் குழிகளையும் கையால் சரிசெய்து, வியர்வைப் பட்டையைக் கீழ்நோக்கி வெளியே இழுத்து, அந்தப் பட்டையின் மேலேயே தொப்பி நிற்கும்படி நிழலில் வையுங்கள். விளிம்பு எதிலும் படாமல் காயும். தோலும் தொப்பியின் அளவிலேயே காயும்.

கேள்வி: இங்கே பழைய பொருள் கடையில் ஒரு பீவர் ஃபெல்ட் தொப்பி வாங்கினேன். 1930-களில் அமெரிக்காவில் செய்தது என்று கடைக்காரர் சொன்னார். பழைய தொப்பிகளில் பாதரசம் இருக்கும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், டொரண்டோ)

பதில்: உண்மை. முயல், பீவர் ரோமங்களின் செதில்கள் கம்பளியினுடையதைப் போல எளிதில் பின்னிக்கொள்ளாதவை. அவற்றை முரடாக்குவதற்காகத் தோலில் இருக்கும்போதே பாதரச நைட்ரேட் கரைசலைப் பூசினார்கள். அதன் ஆவியையும் தூசியையும் சுவாசித்தே தொழிலாளர்கள் நாளெல்லாம் வேலை செய்தார்கள். கை நடுக்கம், ஈறு நோய், காரணமற்ற கூச்சம், எரிச்சல், மனக்குழப்பம் என்று அது அவர்களை வாட்டியது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி நகரில் அந்த நோய்க்கு ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டு, ‘டான்பரி நடுக்கம்’ என்றாகிவிட்டது. நாம் கையில் எடுத்து அழகு பார்க்கும் இந்த வழுவழுப்புக்கு அவர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. அதைச் சொல்லாமல் பழைய தொப்பிகளைப் பற்றிப் பேசுவது முறையன்று என்று நினைக்கிறேன். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசத்தின் பயன்பாடு 1941 டிசம்பரில்தான் முடிவுக்கு வந்தது. மற்ற நாடுகளிலும் அதே நாளில் நின்றுவிட்டதாகக் கொள்ள முடியாது. குன்னூர் வாசகியைக் கையுறை அணியச் சொன்னது அதனால்தான்.

பாதரசத்தின் எச்சம் அத்தகைய தொப்பிகளில் இன்றும் இருக்கக்கூடும். அருங்காட்சியகங்களில் எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையால் இதைச் சோதிக்கிறார்கள். உங்கள் தொப்பி 1930-களைச் சேர்ந்தது என்றால் அதை வீட்டில் ஆவிக்குக் காட்டாதீர்கள்; உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்; குழந்தைகள் விளையாடக் கொடுக்காதீர்கள். கையுறையோடு எடுத்து, மூடிய கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கலாம். அணிவதற்கு வேறு தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் பழைய வீட்டில் காக்கி நிற ‘சோலா’ தொப்பி ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கிறது. அதற்கும் ஆவி காட்டலாமா? (வாசகர், சேலம்)

பதில்: கூடாது. அது ஃபெல்ட் அன்று. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் கோயில் கோபுரங்களும் சிலைகளும் செதுக்கும் அதே நெட்டியால் ஆனது. நெட்டித் தகடுகளைப் பசையால் ஒட்டி மேலே துணி போர்த்தியிருப்பார்கள். ஆவி பட்டால் பசை விட்டுப்போகும். நெட்டி ஈரத்தை உறிஞ்சி ஊறித் துவண்டுவிடும். உலர்ந்த பிரஷால் தூசியை மட்டும் தட்டி, உட்புறம் அமிலம் நீக்கிய டிஷ்யூ காகிதத்தைக் கசக்கித் தளர்வாக அடைத்து வையுங்கள். ஒடுக்கத்தை அழுத்தி நிமிர்த்த முயல வேண்டாம், ஒடிந்துவிடும்.

கேள்வி: பினாங்கில் ஆண்டு முழுதும் ஈரக்காற்று. என் இரண்டு ஃபெடோராக்களில் ஒன்றில் வெள்ளைப் பூஞ்சணம். மற்றொன்றில் பூச்சி அரித்த தடம். எப்படிப் பாதுகாப்பது? (வாசகர், பினாங்கு)

பதில்: இரண்டையும் உடனே பிரித்து வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததை வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு, பிரஷால் தட்டி, நிழலில் நல்ல காற்றோட்டத்தில் விடுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் திரும்ப வரும். ஆகவே அலமாரியில் சிறிய ஈரப்பதமானி ஒன்றையும், சூடேற்றி மறுபடி பயன்படுத்தக்கூடிய சிலிக்கா ஜெல் பைகளையும் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைப்பது ஈரத்தையும் சேர்த்தே கட்டிவைப்பதாகும்.

பூச்சி அரித்ததைப் பொறுத்தவரை, ஃபெல்ட்டைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று, அதன் புழு. புழுவுக்கு வியர்வையும் எண்ணெயும் படிந்த இடங்கள்மேல் தனி நாட்டம் உண்டு என்பதால் ரிப்பனுக்கு அடியிலும் வியர்வைப் பட்டைக்குப் பின்னாலும் தேடிப் பாருங்கள். மணல் போன்ற எச்சமும் மெல்லிய நூலாம்படையும் தெரியும். பிரஷ் செய்துவிட்டு, காற்றுப் புகாத பையில் தொப்பியை இட்டு, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் இறந்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் அறை வெப்பத்தில் இருந்த பிறகு திறந்தால்தான் தொப்பிமேல் நீர் கோக்காது. பாச்சை உருண்டை போடுவதானால் தொப்பியில் படாமல் துணியில் முடிந்து தனியே வையுங்கள். வேப்பிலையும் வசம்பும் நம் வீடுகளில் வைப்பதுதான். ஆனால் ஏற்கெனவே உள்ளே புகுந்த புழுவை ஒழிக்க அவற்றை நம்பியிருக்காதீர்கள்.

இனி வைக்கும் முறை. ஆணியில் மாட்டினால் தலைப்பகுதியில் முடிச்சு விழும். மேசைமேல் விளிம்பு படும்படி வைத்தால் முன் விளிம்பின் வளைவு தட்டையாகும். அன்றாடம் அணிவதைத் தலைகீழாக, தலைப்பகுதி கீழே இருக்கும்படி வைத்தால் போதும். மாதக் கணக்கில் எடுத்து வைப்பதற்கு, அட்டையை வளையமாகச் சுற்றி ஒட்டி, டிஷ்யூ காகிதம் சுற்றி, தொப்பியை அதன் மேல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். வளையம் விளிம்பைவிட உயரமாக இருந்தால் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். தொப்பியைத் தலையிலிருந்து எடுக்கும்போது முன்பக்கக் குழியைக் கிள்ளித் தூக்காமல், இரு கைகளாலும் விளிம்பை முன்னும் பின்னும் பிடித்துத் தூக்குங்கள். விரல் அழுத்தமும் விரல் எண்ணெயும் திரும்பத் திரும்பப் படும் அந்தக் குழியின் முனையில்தான் முதல் விரிசல் விழுகிறது.